குறுவட்டப் போட்டி நடத்துகிறவர்களுக்கு: எங்கள் பெண்பிள்ளைகளுக்கு மூன்று ஆட்டம் கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிகளை, அதாவது மாவட்டப் போட்டிக்கு முந்தைய முதல் கட்டப் போட்டிகளை, முன்னின்று நடத்துகிற உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், அதற்குத் திட்டம் போட்டு அனுமதி கொடுக்கிற அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துக்காரன். ஒரு குட்டியானை வண்டி வைத்துத் தக்காளி ஏற்றுகிறேன், சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் லோடும் அடிப்பேன். விளையாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தருகிற படிப்பு எனக்குக் கிடையாது. ஆனால் என் மகள் ஃபுட்பால் ஆடுகிறாள், அவள் ஆடுவதை நான் பார்க்கிறேன், பார்த்ததில் ஒரு விஷயம் ஒரு வருஷமாக மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேட்பது ஒன்றே ஒன்றுதான். குறுவட்டத்தில் பெண்பிள்ளைகளின் கால்பந்தை நாக் அவுட்டாக (ஒரு ஆட்டம் தோற்றால் வெளியே) நடத்தாதீர்கள், லீக்காக (பிரிவில் எல்லாரும் எல்லாரோடும் ஆடுவது) நடத்துங்கள். வந்த டீம் எதுவானாலும், முதல் ஆட்டத்தில் எத்தனை கோல் வாங்கினாலும், வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்னால் அவர்களுக்கு மூன்று ஆட்டம் கிடைக்கட்டும்.

போன வருஷம் நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும்.

பள்ளி திறந்த ஜூன் மாதத்திலேயே பதினான்கு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். மைதானம் முழுக்க நெருஞ்சி முள். ஒரு சனிக்கிழமை அவர்களே மண்வெட்டி கொண்டுவந்து செதுக்கி எடுத்தார்கள். பந்து இரண்டு, அதில் ஒன்று ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு உருளும். ஷூ ஐந்து ஜோடிதான் இருந்தது, மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய டீச்சர் தினமும் சாயங்காலம் ஐந்தரை வரை இருந்து சொல்லிக்கொடுத்தார், அந்த டீச்சருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் பயிற்சியைவிடக் கஷ்டமான வேலை வீடு வீடாகப் போய் அனுமதி வாங்கியதுதான். டீச்சரும் நானும் இரண்டு சாயங்காலம் நடந்தோம். ஒரு வீட்டில் பாட்டி, 'பொட்டப்புள்ள அரை டவுசர் போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போயி ஓடணுமா?' என்று கேட்டுவிட்டுத் திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். டிராக் பேன்ட்தான் பாட்டி, ஒரு நாள்தான் பாட்டி, சாயங்காலத்துக்குள் நானே கொண்டுவந்து வீட்டில் விடுகிறேன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் 'சரி, ஒரு தடவை போயிட்டு வரட்டும்' என்றார்.

போட்டியன்று காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் கிளம்பினார்கள். சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது, அதனால் டவுன் பஸ்ஸில் டீச்சரோடு இரண்டு பஸ் மாறிப் போனார்கள், நான் லோடு இறக்கிவிட்டுப் பின்னால் போய்ச் சேர்ந்தேன். பத்து இருபதுக்கு ஆட்டம் தொடங்கியது. பத்து ஐம்பத்தைந்துக்கு முடிந்தது. 0-6.

எதிரில் ஆடியவர்கள் வருஷா வருஷம் மாவட்டம் வரைக்கும் போகிற டீம், நல்ல டீம், அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. முதல் பாதியில் நாலு கோல். எங்கள் பிள்ளைகளுக்குக் கையும் காலும் ஓடவில்லை, அத்தனை பேரும் பந்து போகிற பக்கமே கூட்டமாக ஓடினார்கள். இரண்டாம் பாதியில் டீச்சர் ஏதோ சொல்லி அனுப்பினார், அவரவர் இடத்தில் நின்றார்கள், இரண்டு கோலோடு நின்றது. கடைசி ஐந்து நிமிஷத்தில் ஒரு கார்னர் (மைதானத்து மூலையிலிருந்து பந்தை உள்ளே அடிக்கிற வாய்ப்பு) கிடைத்தது. அவர்கள் வாழ்க்கையில் கிடைத்த முதல் கார்னர் அது. யார் அடிப்பது என்று தெரியாமல் மூன்று பேர் கொடிக்கு ஓடினார்கள், அடித்தது என் மகள், பந்து வெளியே போய்விட்டது, விசில் ஊதியாகிவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்த மூன்று பிள்ளைகள் பந்தைத் தொடவே இல்லை.

மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சம்பழச் சோற்றைப் பதினொன்றேகாலுக்கே புளியமரத்தடியில் உட்கார்ந்து பிரித்தார்கள். கோல் கீப்பராக நின்ற பிள்ளை சாப்பிடவில்லை. அந்தப் பிள்ளை அடுத்த வாரத்திலிருந்து கிரவுண்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ரொம்ப நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், காரிமங்கலம் தாண்டியதும் சொன்னாள், 'அப்பா, மொராக்கோவும் முதல் மேட்ச்ல ஆறு கோல்தான் வாங்குனாங்க. ஆனா அவங்களுக்கு இன்னும் ரெண்டு மேட்ச் இருந்துச்சு.'

அவள் சொன்னது 2023 பெண்கள் உலகக் கோப்பையை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தபோது அவள் ஏழாவது படித்தாள். அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு மத்தியானம், நான் காலை லோடு முடித்து வீட்டுக்கு வந்து படுக்கிற நேரம். 'அப்பா உன் போன் குடு' என்று வாங்கிப் பார்ப்பாள், தூக்கம் போனதால் நானும் கூட உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அதுவரைக்கும் எனக்கு ஃபுட்பால் என்றால் கோல் விழுந்தால் கத்துவது என்ற அளவில்தான் தெரியும். நாலு நாலு நாடாகப் பிரிப்பார்கள், ஒரு பிரிவில் இருக்கிற ஒவ்வொரு நாடும் மற்ற மூன்றோடும் ஆடும், ஜெயித்தால் 3 புள்ளி, சமன் என்றால் 1, முதல் இரண்டு இடம் பிடிக்கிறவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள் என்பதை ஏழாவது படிக்கிற பிள்ளைதான் எனக்கு நோட்டில் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தாள். 32 நாடு, எட்டுப் பிரிவு, முதல் சுற்றில் மட்டும் 48 ஆட்டம். இத்தனை ஆட்டம் எதற்கு, தோற்றவர்களை அப்போதே அனுப்பிவிட்டால் சீக்கிரம் முடியுமே என்று நான்கூடக் கேட்டேன். அப்படிச் செய்தால் 16 நாடு ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிடும், அவ்வளவு தூரம் விமானத்தில் வந்தது எதற்கு என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

மொராக்கோ அதுவரை பெண்கள் உலகக் கோப்பைக்கே வந்ததில்லை. முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 0-6. ஜெர்மனி இரண்டு முறை கோப்பை வாங்கிய நாடு. நாக் அவுட்டாக இருந்திருந்தால் மொராக்கோவின் கதை அந்த மாலையோடு முடிந்தது, 'ஆறு கோல் வாங்கிய டீம்' என்று மட்டும் பெயர் நின்றிருக்கும். ஆனால் ஆறு நாள் கழித்துத் தென் கொரியாவை 1-0 என்று ஜெயித்தார்கள். அதே ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு ஜெர்மனியும் கொலம்பியாவும் ஆடியதை நாங்கள் இரண்டு பேரும் முழுசாகப் பார்த்தோம். 18 வயது லிண்டா கைசேடோ இரண்டு பேரை ஏமாற்றி ஒரு கோல் போட்டார், ஜெர்மனி பெனால்டியில் சமன் செய்தது, ஆட்டம் முடியப் போகிற கடைசி நிமிஷத்தில் ஒரு கார்னரில் கொலம்பியா தலையால் முட்டி ஜெயித்தது. கார்னர் என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டதே அன்றைக்குத்தான்.

ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை. கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில். ஒரே பிரிவில் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது: 1982 ஆண்கள் உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், அல்ஜீரியாவின் ஆட்டம் முன்பே முடிந்து கணக்குத் தெரிந்துவிட்டதால், 1-0 ஆனதும் ஒப்புக்கு ஆடி இரண்டு பேருமே அடுத்த சுற்றுக்குப் போனார்கள், அல்ஜீரியா வெளியேறியது. அதற்கப்புறம் வந்த ஏற்பாடு இது. மகள் பள்ளிவிட்டு ஓடிவந்தபோது கடைசி அரைமணி நேரம் மிச்சம் இருந்தது. மொராக்கோ கொலம்பியாவை 1-0 என்று ஜெயித்துவிட்டு மைதானத்திலேயே கூடி நின்று, வேறு ஊரில் ஜெர்மனி ஆட்டம் எப்படி முடிகிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியும் தென் கொரியாவும் 1-1. ஆறு கோல் போட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள், ஆறு கோல் வாங்கியவர்கள் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். மொராக்கோப் பெண்கள் புல்தரையில் விழுந்து அழுததைப் பார்த்து என் மகளும் அழுதாள். எங்கள் பள்ளியில் பெண்கள் டீம் வேண்டும் என்று டீச்சரிடம் போய்க் கேட்டது அதற்கு அடுத்த வாரம்தான். இப்போது உங்களுக்குப் புரியும், பஸ்ஸில் அவள் ஏன் அதைச் சொன்னாள் என்று.

அந்த உலகக் கோப்பையில் கோப்பையை வாங்கிய ஸ்பெயின்கூட பிரிவு ஆட்டத்தில் ஜப்பானிடம் 0-4 என்று தோற்ற டீம்தான். தென் ஆப்பிரிக்கா முதல் ஆட்டத்தில் சுவீடனிடம் தோற்றது, கடைசி ஆட்டத்தில் இத்தாலியை ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் போட்ட ஒரு கோலில் 3-2 என்று ஜெயித்து உள்ளே போனது. பிலிப்பைன்ஸ் முதலில் தோற்றுவிட்டு, இரண்டாவது ஆட்டத்தில் போட்டியை நடத்திய நியூசிலாந்தையே 1-0 என்று தோற்கடித்தது, உலகக் கோப்பையில் அவர்களுடைய முதல் கோல் அது. ஜாம்பியாவை யோசித்துப் பாருங்கள். முதல் ஆட்டம் 0-5, இரண்டாவது ஆட்டம் 0-5, மூன்றாவது ஆட்டத்தில் கோஸ்டாரிகாவை 3-1. அடுத்த சுற்றுக்குப் போகவில்லைதான். ஆனால் அந்தப் பெண்கள் ஊர் திரும்பும்போது ஒரு வெற்றியோடு திரும்பினார்கள், பெண்கள் உலகக் கோப்பை வரலாற்றின் 1000-ஆவது கோல் அவர்கள் கேப்டன் பார்ப்ரா பாண்டா போட்டது. முதல் நாளே அனுப்பியிருந்தால் அது எதுவும் நடந்திருக்காது.

பெரிய டீமிடம் ஒரு தரம் தோற்பதே போதும், மூன்று தரம் தோற்றால் பிள்ளைகள் மனசு உடைந்துபோகும் என்று உங்களில் ஒருவர் போன வருஷம் அன்போடுதான் சொன்னார். நானும் அதை நிறைய யோசித்தேன். அவருக்கு நான் சொல்ல நினைக்கிற பதில் தாய்லாந்து. 2019-ல் பிரான்ஸில் நடந்த உலகக் கோப்பையில் தாய்லாந்து முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0-13 என்று தோற்றது. பதின்மூன்று கோல். பெண்கள் உலகக் கோப்பையிலேயே அதைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து நாள் கழித்து சுவீடனோடு ஆடினார்கள், அதிலும் நாலு கோல் வாங்கியாகிவிட்டது, ஆட்டம் முடிகிற நேரம், கஞ்சனா சுங்நோயென் என்ற பெண் தனியாக ஓடிப்போய் ஒரு கோல் அடித்தார். அப்புறமும் ஒரு கோல் வாங்கி 1-5 என்றுதான் தோற்றார்கள். ஆனால் அந்த ஒரு கோலுக்கு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய மேலாளர் அம்மா தேம்பித் தேம்பி அழுதார். மகள் அந்த வீடியோவை எனக்குக் காட்டினாள். மனசு எங்கே உடைகிறது, எங்கே ஒட்டுகிறது என்பதை அதில் பார்க்கலாம். 0-13 கடைசி ஆட்டமாக இருந்திருந்தால்தான் உடைந்திருக்கும்.

அதே பிரிவில் இன்னொன்றும் நடந்தது, அது கோல் வித்தியாசத்தைப் பற்றியது. 2019-ல் பிரிவில் மூன்றாவது இடம் வந்தவர்களிலும் சிலர் அடுத்த சுற்றுக்குப் போகலாம், புள்ளி சமமானால் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். அதனால் கடைசி ஆட்டத்தில் தாய்லாந்தை மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் சிலி அடுத்த சுற்றுக்குப் போகலாம். சிலி 2-0 என்று முன்னால் இருந்தது, கடைசி நிமிஷங்களில் ஒரு பெனால்டியும் கிடைத்தது, அது கம்பியில் பட்டு வெளியே போய்விட்டது. சிலி போகவில்லை, வேறு பிரிவில் மூன்றாவது வந்த நைஜீரியா போனது. 13 கோல் வாங்கிய அதே தாய்லாந்துப் பெண்கள் மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு கோலோடு நிறுத்தியதால் வேறொரு நாட்டின் தலையெழுத்தே மாறியது. லீக்கில் தோற்கிற டீமுக்கும் கடைசி நிமிஷம் வரைக்கும் வேலை இருக்கிறது. ஆறாவது கோலுக்கும் ஏழாவது கோலுக்கும் வித்தியாசம் உண்டு. நாக் அவுட்டில் 0-1 ஆனாலும் 0-6 ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வழி.

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. 2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. நம் பிள்ளைகள் புவனேசுவரத்தில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆனால் எட்டு கோல் வாங்கிய பிள்ளைகள் மூன்று நாளில் தங்களைச் சரிசெய்துகொண்டு வந்து அடுத்த ஆட்டத்தில் மூன்றோடு நிறுத்தினார்களே, அந்த மூன்று நாளில் கற்றுக்கொண்டதை வேறு எங்கே போய்க் கற்றுக்கொள்ள முடியும்? அதே வருஷம் ஜனவரியில் நடந்தது இதற்கு நேர் எதிர். பெண்கள் ஆசியக் கோப்பை, அதுவும் இந்தியாவில், நவி மும்பையில். முதல் ஆட்டம் ஈரானோடு 0-0. அடுத்தது சீன தைபே. அதற்குள் அணியில் 12 பேருக்குக் கொரோனா, ஆட்டத்துக்குத் தேவையான 13 பேரைக்கூடச் சேர்க்க முடியவில்லை. விதிப்படி இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்கு, ஆடிய ஒரு ஆட்டமும் செல்லாது என்று ஆகிவிட்டது. எத்தனை வருஷப் பயிற்சி, சொந்த மண்ணில், ஒரே ஆட்டத்தோடு. நாடே 'ஐயோ பாவம், ஒரே ஆட்டத்தோடு போச்சே' என்று வருத்தப்பட்டது. குறுவட்டத்தில் வருஷா வருஷம் பாதி டீம்களுக்கு இதேதான் நடக்கிறது, நாம் அதை அட்டவணை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறோம்.

அதே இந்திய அணிதான் 2025 ஜூன், ஜூலையில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில் தகுதிச் சுற்று ஆடி, நாலு ஆட்டத்தில் 24 கோல் போட்டு, கடைசியில் தாய்லாந்தையே 2-1 என்று தோற்கடித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். அதுவும் லீக்தான், ஐந்து நாடு ஒரு பிரிவு.

சரி, நம் குறுவட்டத்துக்கு வருகிறேன். நானும் மகளும் நோட்டில் எழுதிப் பார்த்தோம், தப்பு இருந்தால் திருத்துங்கள். நான் போன இடத்தில் பெண்கள் கால்பந்துக்கு அந்த வயதுப் பிரிவில் வந்தது நாலே டீம். ஆண்பிள்ளைகள் மாதிரி பதினைந்து இருபது டீம் வந்து நிற்பதில்லை. நாலு டீமுக்கு நாக் அவுட் என்றால் மூன்று ஆட்டம், லீக் என்றால் ஆறு ஆட்டம். கூடுதலாக மூன்றே மூன்று ஆட்டம்தான். ஒரு ஆட்டம் பதினைந்து, பதினைந்து நிமிஷம், நடுவில் ஐந்து நிமிஷம், அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் இருபது நிமிஷ இடைவெளி. ஆக ஒரு ஆட்டத்துக்கு 55 நிமிஷம், ஆறு ஆட்டத்துக்கு ஐந்தரை மணி நேரம். ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் மூன்று மணிக்கு முடிந்துவிடும். நாலு டீம் ஒரே மைதானத்தில் ஆடும்போது யாராவது அடுத்தடுத்து இறங்கவேண்டி வரும், அதற்காகத்தான் அந்த இருபது நிமிஷம். மூன்று ஆட்டம் சேர்த்து ஒரு பிள்ளை ஆடுவது 90 நிமிஷம், அதாவது பெரியவர்கள் ஆடுகிற ஒரே ஒரு ஆட்டத்தின் நேரம். வெளியே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளையும் மாற்றி மாற்றி இறக்கினால் அந்தப் பாரமும் குறையும், அவர்களும் பந்தைத் தொடுவார்கள். நேரத்தைக் குறைத்தால் அது ஃபுட்பாலே இல்லை என்று யாராவது சொன்னால், 1991-ல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையிலேயே ஆட்டம் 80 நிமிஷம்தான் என்று சொல்லுங்கள்.

எட்டு டீம் வந்தால் இரண்டு பிரிவு, பன்னிரண்டு ஆட்டம், அப்புறம் அரையிறுதியும் இறுதியும் சேர்த்துப் பதினைந்து. இது ஒரு நாளில் ஒரே மைதானத்தில் முடியாது, இரண்டு நாள் வேண்டும், அல்லது பக்கத்துப் பள்ளி மைதானத்தையும் சேர்க்கவேண்டும். மூன்றே டீம் வந்தால் இன்னும் சுலபம், ஒருவருக்கு 'பை' கொடுத்து நேராக இறுதிக்கு அனுப்புகிற வழக்கத்தை விட்டுவிட்டு மூன்று பேரையும் ஒருவரோடு ஒருவர் ஆடவிடுங்கள், ஆளுக்கு இரண்டு ஆட்டமாவது கிடைக்கும். வருவாய் மாவட்ட அளவில், அதற்கு மேலே மாநில அளவில் எப்படி நடத்துவது என்பதைப் பற்றி நான் பேசவில்லை. அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள். ஆடக் கற்றுக்கொள்கிற இடம் குறுவட்டம்தான், அங்கேயாவது கற்றுக்கொள்ள நேரம் கொடுங்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே நாளில் கபடி, கோ-கோ, வாலிபால், தடகளம் எல்லாம் சேர்ந்து வரும், விசில் ஊத ஆள் பத்தாது, வெயில், மழை, மைக் செட்காரர், சாப்பாடு, கையில் அடிபட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, இத்தனையும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். எத்தனையோ ஆசிரியர்கள் சொந்தக் காசில் ஜெர்சி வாங்கிக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கூடுதலாக மூன்று ஆட்டம் என்று அளந்து கேட்கிறேன்.

ஆண்பிள்ளைகளுக்கும் இதே நியாயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஆண்பிள்ளைகள் நாக் அவுட்டில் தோற்றுவிட்டு வந்தால் அன்று சாயங்காலமே ஏரிக்கரையில் ஆடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் டோர்னமென்டில் பணம் கட்டி இறங்குவார்கள், பொங்கலுக்கு ஒரு கோப்பை, திருவிழாவுக்கு ஒரு கோப்பை. ஒரு வருஷத்தில் அவர்களுக்கு முப்பது ஆட்டம் கிடைக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு வருஷத்தில் வெளியூர் டீமோடு ஆடக் கிடைத்தது அந்த முப்பது நிமிஷம்தான். ஏரிக்கரையில் அவர்கள் ஆட முடியாது, ஆட விடமாட்டார்கள், அது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். வீடு வீடாகக் கெஞ்சி வாங்கிய ஒரு நாள் அனுமதி அது. பாட்டி 'ஒரு தடவை போயிட்டு வரட்டும்' என்றாரே, அந்த ஒரு தடவை பதினொரு மணிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

இது எந்த மண் என்பதையும் மறக்கவேண்டாம். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவரவேண்டிய நிலை இங்கே இருந்தது. பெண் பிறந்தால் வேண்டாம் என்று தொட்டிலில் போட்டுவிட்டுப் போன காலத்தில் பிறந்தவர்கள் இன்றைக்கு அம்மாக்கள். இப்போதும் பத்தாவது முடிப்பதற்குள் மாப்பிள்ளை பார்க்கிற வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. பாட்டியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஜெர்மனியிலேயே 1955 முதல் 1970 வரைக்கும் பெண்கள் ஃபுட்பாலுக்கு அந்நாட்டு கால்பந்து சங்கம் தடை போட்டிருந்தது, பிரேசிலில் 1941-லிருந்து 1979 வரைக்கும் சட்டமே தடுத்தது. அந்த ஊர்ப் பாட்டிகளும் இதையேதான் கேட்டிருப்பார்கள். அவர்கள் பேத்திகள் ஆடி ஆடித்தான் அது மாறியது, ஆடுவதற்கு ஆட்டம் வேண்டும்.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு முடியாதது என்று ஒன்றும் இல்லை. சீனியர் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பில் 2018-ல் மணிப்பூரை இறுதியில் தோற்கடித்தது தமிழ்நாடு, 2023-ல் ஹரியானாவைத் தோற்கடித்து மறுபடியும் வாங்கியது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் லீக்கில் இந்தியாவிலேயே முதலிடம் வந்த டீம். கடலூரிலும் மதுரையிலும் முடிந்தது பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் ஊத்தங்கரையிலும் முடியும்.

2023-ல் ஜமைக்கா டீமுக்குப் பணம் பத்தாதபோது ஒரு ஆட்டக்காரியின் அம்மாதான் இணையத்தில் எல்லாரிடமும் கேட்டுத் திரட்டினார். அந்த டீம் பிரிவு ஆட்டம் மூன்றிலும் ஒரு கோல்கூட வாங்காமல், பிரேசிலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனது. பெற்றோர் என்ற முறையில் நாங்களும் சும்மா கேட்டுவிட்டு உட்காரப் போவதில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஏழு பேர் பேசி வைத்திருக்கிறோம். நல்ல பந்து இரண்டு வாங்கித் தருகிறோம், போட்டி முடிந்ததும் குறுவட்டத்திலேயே இருக்கட்டும். கோடு போடச் சுண்ணாம்பும், ஆறு ஆட்டத்துக்கும் தேவையான தண்ணீர் கேனும் எலுமிச்சம்பழமும் நான் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன். கூடுதல் நேரம் ஆவதால் பிள்ளைகளை இருட்டுவதற்குள் வீடு சேர்க்கிற பொறுப்பும் எங்களுடையது, ஒரு வேன் பேசிவிட்டோம். விசில் ஊத ஆள் இல்லையென்றால் முன்பு மாநில அளவில் ஆடிய பெண்கள் இரண்டு பேர் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த டீம் எந்த நேரத்தில் என்ற அட்டவணையைக்கூட மகள் எழுதி வைத்திருக்கிறாள், டீச்சரிடம் கொடுத்து அனுப்புகிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு இது பத்தாவது வருஷம். இந்த முறை பதினாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். போன வாரம் கோல் கீப்பர் பிள்ளையின் வீட்டுக்கு மறுபடியும் போயிருந்தோம், அது அந்தப் பாட்டி வீடுதான். இந்த வருஷம் மூன்று ஆட்டம் இருக்குமா என்று அந்தப் பிள்ளையே கேட்டாள். டீச்சரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், கேட்டுச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். ஃபிக்சர் (ஆட்ட அட்டவணை) போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை டீச்சரிடம் சொல்லி அனுப்புங்கள், நான் போய் அவளிடம் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அப்பா